வல்லை வெளியில் நின்ற கார்

அவருக்கு முதலில் கை, பிறகுதான் வாய். எனக்கு முதல் அறை விழுந்த அன்றுதான் நான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அச்சுவேலியில் என்னுடைய கராஜ். பகல் பதினொரு மணி இருக்கும். வெயிலில் நடந்து வந்த ஒரு பெரிய ஆள், சேட்டு முழுக்க வேர்வையோடு நேராக உள்ளே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "என்னண்ணை, சொல்லுங்கோ" என்றேன். சொல்லவில்லை. கன்னத்தில் விட்டார். நான் பழைய ரயர் அடுக்கோடு சேர்ந்து விழுந்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, கோயிலில் திருநீறு கேட்கிற குரலில், "இப்பச் சொல்லு. வெளிநாட்டுக் கார் திருத்துவியோ, மாட்டியோ?" என்றார்.

திருத்துவேன் என்றேன். விழுந்து கிடக்கிறவன் வேறு என்னத்தைச் சொல்வது!

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. ஆள் இப்போது மறியலில், கம்பிக்குப் பின்னால் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் மானத்தோடு இருக்கிறார்கள். வடமராட்சிக் கரையில் மூன்று படகும் வலையும் வைத்து, ஆள் பிடித்துத் தொழில் செய்தவர். அப்படிப்பட்டவரைச் சம்மாட்டியார் என்று சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அன்று கார் வல்லை வெளியில் நின்றுபோயிருந்தது. வடமராட்சியில் இருந்து எங்கள் பக்கம் வருகிறவர்கள் அந்த வெளியைக் கடந்துதான் வரவேண்டும். மரம் இல்லை, வீடு இல்லை, ஒதுங்க ஒரு கொட்டில்கூட இல்லை. காற்று மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். அந்தப் பொட்டலுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று நின்ற காரைப் பார்த்ததும் எனக்குக் கன்னத்து எரிவு மறந்துவிட்டது. ஐரோப்பாக் கார். உள்ளே தோல் இருக்கை. கதவைச் சாத்தினால் சத்தம் வராது, காற்று அடைபடுகிற ஒரு மெத்தென்ற உணர்வு மட்டும் வரும். டோகாவில் பன்னிரண்டு வருடம் இந்த இனக் கார்களைத்தான் கழற்றிப் பூட்டினேன். ஊருக்கு வந்த பிறகு முச்சக்கர வண்டிக்கும் உழவு மெசினுக்கும் கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு, அது சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

கட்டி இழுத்து வந்து பின் இருக்கையைத் தூக்கினேன். அதற்குக் கீழே வட்டமாக ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் பெற்றோல் தாங்கிக்குள் பம்ப். இந்தக் கார்களில் பம்ப் பெற்றோலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். இஞ்சினுக்குப் பெற்றோலைத் தள்ளுவதும் அதுதான், அது சூடாகாமல் காப்பாற்றுவதும் அந்தப் பெற்றோல்தான். தாங்கி வற்றிய பிறகும் இஞ்சினைக் கிளப்பவென்று திறப்பைத் திருகித் திருகி முறுக்கினால் பம்ப் தன் சூட்டிலேயே எரிந்து போகும். எரிந்துதான் போயிருந்தது. தாங்கிக்குள் துடைத்து எடுத்தால் ஒரு கைக்குட்டை நனையாது.

"அண்ணை, பெற்றோல் இல்லாமல் ஓடியிருக்கிறியள்" என்றேன்.

"நேற்றுத்தானடா நிரப்பினனான்" என்றார். சொல்லும்போதே கை வந்துவிட்டது. இந்த முறை பிடரியில்.

நான் முள்ளைப் பார்த்தேன். பெற்றோல் அளவு காட்டுகிற முள் பாதியில் நின்றது. தாங்கி வெறுமை, முள் பாதி. முள் பழுது என்று சொன்னேன். வாங்கின நாளில் இருந்து அப்படித்தானாம். "படகிலை முள்ளே இருக்குது? ராங்கைத் தூக்கிப் பாத்தால் தெரியும்" என்றார். இந்தக் காரின் தாங்கியை எப்படித் தூக்கிப் பார்ப்பது என்று கேட்க வாய் வந்தது. கன்னத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அவருக்கு அடிக்கிற குணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. பழகப் பழக எனக்கு ஒன்று விளங்கியது. நின்றுபோன எதையும் அவரால் பார்க்க முடியாது. சுவர் மணிக்கூடு நின்றால் கழற்றி முற்றத்தில் அடிப்பார். கோயில் திருவிழாவில் மின்பிறப்பாக்கி நின்றபோது, எரிகிற கற்பூரத்தட்டோடு ஐயர் இருட்டில் நிற்க, இவர் போய் அந்த மெசினைக் காலால் உதைத்து உதைத்துப் பெருவிரலை முறித்துக்கொண்டார். படகில் வலை இழுக்கும்போது ஒரு தொழிலாளி களைத்துப்போய்க் கை நிறுத்தினான் என்று அவன் தாடையில் குத்தினார். தாடை இரண்டாக வெடித்தது.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். தாடையைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்பிய அந்த மனிதனைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து, ஒரு மாதம் தானே பக்கத்தில் இருந்து கரண்டியால் கஞ்சி பருக்கினாராம். வழிந்ததைத் தன் சால்வையால் துடைப்பாராம். துடைத்துவிட்டு, "இப்பச் சொல்லு, ஏன் நிப்பாட்டினனி?" என்று கேட்பாராம். அவன் கம்பி கட்டின வாயோடு என்னத்தைச் சொல்லுவான்? அவன் சுகமாகி மறுபடி அவருடைய படகிலேயே தொழிலுக்குப் போனான் என்றால் நம்புவீர்களா?

எனக்கும் அப்படித்தான். அடித்த அடுத்த நாள் விளைமீனோ பாரையோ ஒரு பையில் வரும். "குழம்பு வைக்கச் சொல்லு. பொரிச்சுக் கெடுத்துப் போடாதை" என்று தாறுமாறாக அன்பு காட்டுவார். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், எனக்கு அந்த மனிதனைப் பிடித்திருந்தது.

காரை ஏன் வாங்கினார் என்றும் அவரே சொன்னார். முதல் பம்ப் பூட்டி முடித்து, பால் விடாத பிளேன்ரீ வைத்துக் கொடுத்தேன். அடித்து முடிந்தால் ஆள் பச்சைப் பிள்ளை.

"கொழும்பிலை விக்கிறவனிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். இது வழியிலை நிக்குமோ எண்டு. நிக்காது எண்டான். வாங்கிப்போட்டன்."

"அப்பிடி எங்கை அண்ணை அவசரமாப் போகவேணும்?"

"என்ரை தம்பியை ஏத்த."

எனக்குச் சிரிப்பு வந்தது. காரில் ஏற்றிக்கொண்டு வர என்று நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, மேசையில் வைத்து நசுக்கிக் காட்டினார்.

தாய் இறந்த அன்று இவர் கடலில். கூடப்பிறந்தது ஒரு தம்பி மட்டும். அந்தத் தம்பிதான் அப்போது கரையில் நின்று படகுகளுக்கு எண்ணெய் விட்டுக் கொடுக்கிறவன். அன்றைக்கு அவன் விட்ட எண்ணெய் போதவில்லை. நடுக்கடலில் இஞ்சின் நின்றது. ஒரு பகலும் ஓர் இரவும் அலை கொண்டுபோன பக்கம் கிடந்திருக்கிறார். தாய் செத்த செய்தியும் தெரியாது. வேறு ஒரு படகு கட்டி இழுத்து வந்து கரையில் விட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது. ஆகவே தம்பி வைத்ததில் பிழை இல்லை. ஆனால் மூத்தவனுக்காகப் பொறுக்கவில்லை.

"சுடலைக்கு ஓடினனான். சாம்பலுக்குள்ளை கையை வைச்சுப் பாத்தன். சூடு இருந்ததடா" என்று கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கைத் தோல் அங்கங்கே மினுமினுப்பாக இருந்தது. "ஒரு மணித்தியாலம். உவன் ஒரு மணித்தியாலம் பொறுக்கேல்லை."

தம்பி அதற்குப் பிறகு தெல்லிப்பழைப் பக்கம் மனைவி வீட்டோடு போய்விட்டார். கடல் தொழிலையும் விட்டுவிட்டார். ஆனால் தாய்க்குரிய கிரியைகளைத் தவறாமல் செய்வார். திவசம் வந்தால் செய்வார். சித்திரா பௌர்ணமி வந்தால் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடுவார். அந்த நாட்கள் கிட்டினால் சம்மாட்டியாருக்கு உடம்பு கொதிக்கத் தொடங்கும். அன்றைக்குத்தான் திறப்பை எடுப்பார். அன்றைக்குத்தான் கார் வல்லை வெளியில் நிற்கும்.

இரண்டாவது பம்ப் எரிந்தது. மூன்றாவதும் எரிந்தது. எல்லாம் அதே இடத்தில், வல்லைப் பாலத்துக்கும் அந்த வெளியின் நடுவுக்கும் இடையில். நான் குழாயைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், தாங்கிக்கு அடியில் படுத்துக் கிடந்து ஓட்டை தேடினேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மூன்றாம் முறை எரிந்த பம்பை என் கையில் இருந்து பறித்து, வேலை மேசையில் வைத்து, சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். பிளாஸ்ரிக் தெறித்தது. உள்ளே இருந்த செப்புக் கம்பி வெளியே வந்தது. சுத்தியல் தன் விரல் மொளியில் பட்டு இரத்தம் ஓடுவதும் அவருக்குத் தெரியவில்லை. தகடாகும் வரைக்கும் அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு முன்பல் ஒன்று போனது.

"நீ நல்லவன்ரா" என்றார் போகும்போது. "கைதான் உனக்குச் சரியில்லை. வேலை தெரியாது."

பல் போனது வலித்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டோகாவில் அரேபிய முதலாளிமார் பெயர் சொல்லித் தேடி வந்த கை இது. அதைப் பார்த்து வேலை தெரியாது என்றார்.

அதற்கு அடுத்த கிழமைதான் அவருடைய மனைவி வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, மீன் பையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் வந்தார். மெலிந்த உடம்பு. ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் சிறுத்திருந்தது. எப்படிச் சிறுத்தது என்று கேட்கத் தேவையில்லை. நான் இருக்கிறதற்கு வாங்குப் பலகையைத் துடைத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"தம்பி, அந்தக் கார் ஏன் நிக்குதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"பம்ப் எரியுது அக்கா. ராங்க் காயுது. ஏன் காயுதெண்டுதான் விளங்கேல்லை."

"நான்தான் காய வைக்கிறன்."

பையில் மீனுக்கு மேலே சுருட்டி வைத்திருந்ததை எடுத்து என் மேசையில் போட்டார். படகு இஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாய். நடுவில் கைக்குள் அடங்குகிற ஒரு றப்பர் குமிழ் இருக்கும். அதை நாலு தரம் அமத்தினால் எண்ணெய் தானாக ஏறும். அவர்களுடைய கரையில் படகு வந்து ஏறினால், ராங்கையும் குழாயையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். எண்ணெய் இல்லாத படகை எவனும் கொண்டுபோக முடியாது. ராங்கைத் தூக்கிப் போகிற வேலை வீட்டுப் பெண்களுடையது. முப்பது வருடம் அதைச் செய்த மனிசி, காருக்கும் அதையே செய்திருக்கிறார்.

"அவர் இறங்கப் போற நாள் எனக்கு முதல்நாளே தெரியும். சோத்துக் கோப்பையைத் தள்ளி வைப்பார். மாமியின்ரை படத்துக்கு முன்னாலை போய்ச் சும்மா நிப்பார். அண்டைக்குப் பின்னேரம், அவர் கரைக்குப் போற நேரம் பாத்து எடுத்துப்போடுவன்."

"முழுக்க எடுத்தால் என்ன அக்கா? கார் வெளிக்கிடாதே."

"வெளிக்கிடாட்டி மோட்டச் சைக்கிள் இருக்குது. அதுவும் இல்லாட்டி நான் இருக்கிறன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "வீட்டை விட்டு வெளிக்கிடவேணும். அங்கை போய்ச் சேரவும் கூடாது. அதுதான் ராங்கிலை ரெண்டு போத்தல் மட்டும் மிச்சம் விடுறன். வல்லை மட்டும் போகும். அங்கையிருந்து வெயிலுக்குள்ளை நடந்து உங்களிட்டை வந்து சேரப் பாதிக் கோவம் போயிடும்."

"மிச்சப் பாதி?"

அவர் என் பல் இல்லாத இடத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. வேறை வழி தெரியேல்லை. தெல்லிப்பழையிலை இருக்கிறவனுக்கு மூண்டு குஞ்சுகள். ஒரு உசிரெல்லோ."

நான் என்ன கல்லா? சரி என்றேன். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அக்கா" என்று சத்தியமும் பண்ணினேன். குழாயை மறுபடி சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, மீனை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போனார்.

அன்றில் இருந்து நானும் அந்த வேலையில் கூட்டு. நினைத்துப் பார்த்தால் விசர்த்தனம்தான். தெல்லிப்பழையில் ஒரு மனிதன் தன் பாட்டுக்குத் தோட்டம் கொத்திக்கொண்டு இருக்கிறான். அவனுடைய உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது ஒரு றப்பர்க் குமிழும் என் கன்னமும். திவசம் கிட்டுகிறது என்றால் நான் முன்கூட்டியே ஒரு பழைய பம்ப் எடுத்து வைப்பேன். பிளேன்ரீக்குச் சீனி வாங்கி வைப்பேன். அன்று பகல் அவர் ரோட்டில் நடந்து வருவது தெரிந்தால் கூர்மையான சாமான்களை மேசையில் இருந்து எடுத்துவிட்டு, எழும்பி நின்று அடியை வாங்குவேன். வாங்கி முடிந்ததும் ரீ. பிறகு தாயின் கதை. பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது, வீங்கின முகத்தோடு எனக்கு ஒரு நிம்மதி வரும். இன்றைக்குத் தப்பினான் பாவி என்று நினைப்பேன். முகம் தெரியாத அந்தத் தம்பிக்காக ஒன்றரை வருடம் அடி வாங்கினேன்.

அதோடு நின்றிருந்தால் நான் மனிதன்.

ஐந்தாவது முறை கராஜ் நிறைய ஆட்கள். வான் திருத்த வந்த இரண்டு பேர், ஒரு வாத்தியார், பக்கத்துக் கடைக்காரர். பம்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி, அதாலேயே என் வலது காதைச் சேர்த்து அடித்தார். உள்ளுக்குள் ஏதோ கிழிந்தது. தரையில் இருந்து பார்க்கிறேன், அவர் வாய் அசைகிறது, சத்தம் ஒரு பக்கத்தால் மட்டும் வருகிறது.

"பாருங்கோ இவன்ரை வேலையை. அஞ்சு பம்ப்! உவன் கள்ளச் சாமான் பூட்டுறவன். உவனிட்டை வாகனம் விட்டியள் எண்டால் நடுறோட்டிலைதான் நிப்பியள்."

வாத்தியார் என்னைத் தூக்கிவிட்டார். ஆனால் போகும்போது தன் காரையும் எடுத்துக்கொண்டு போனார். வான்காரர் இரண்டு பேரும், பிறகு வாறம் தம்பி என்று சொல்லிப் போய், பிறகு வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் காதுச் சவ்வு கிழிந்து போனது, இனிப் பழையபடி கேட்காது என்றார்கள். எனக்குக் காது பெரிதாகப் படவில்லை. கள்ளச் சாமான் பூட்டுறவன் என்ற சொல்தான் கேட்கிற காதுக்குள் கிடந்து இரைந்துகொண்டே இருந்தது. படுத்தாலும் அது. எழும்பினாலும் அது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பயம் வந்தது என்று சொன்னால் நீங்கள் மன்னிப்பீர்கள். பயம் இல்லை, ரோசம்.

கொழும்பில் சொல்லிப் பெட்டி உடைக்காத புதுப் பம்ப் எடுப்பித்தேன். முள்ளைத் திருத்தினேன். தாங்கி வாய்க்குத் திறப்புப் போட்டுப் பூட்டுகிற மூடி ஒன்று பூட்டினேன். கழுத்து மட்டும் பெற்றோல் நிரப்பி, நானே வல்லை வெளியைத் தாண்டி ஓடிப்போய்த் திரும்பி வந்து பார்த்தேன். என்ன ஒரு ஓட்டம்! தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. மூடியின் இரண்டு திறப்புகளையும் அவருடைய கையில் கொடுத்தேன்.

"இனி நிக்காது அண்ணை. நிண்டால் வந்து என்ரை கையை வெட்டுங்கோ."

அவர் என் கையைப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

சித்திரா பௌர்ணமிக்கு அப்போது பத்து நாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அக்காவின் நம்பரும் என் போனில் இருந்தது. சொல்லவேண்டும் என்று இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கே பொய் சொன்னேன். உண்மையில் மனதில் ஓடியது வேறு. அந்த மனிசி ஐந்து தரம் என்னை அடிக்கக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவள், ஒரு நாள் அவளும் தவிக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பாழாய்ப்போன நினைப்பை இன்றுவரை நான் ஒருவருக்கும் வாயால் சொன்னதில்லை.

பௌர்ணமிக்கு முதல்நாள் பின்னேரம் அக்காவின் நம்பரில் இருந்து போன் வந்தது. ஒன்றல்ல, எட்டுத்தரம். மூடியைக் கண்டிருப்பார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு உழவு மெசினுக்குக் கிளச்சு மாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கோயிலில் சித்திரைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு செம்பில் வாங்கிவந்து கராஜ் வாசலில் நின்று குடிக்கிறேன், வெள்ளைக் கார் வந்தது. அச்சுவேலிச் சந்தியில் திரும்பி, நிற்காமல், முனகாமல், என் வாசலைத் தாண்டிப் போகும்போது ஒருதரம் ஹோண் அடித்தார். கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செம்பை மற்றக் கைக்கு மாற்றி, வலது கையை உயரத் தூக்கிக் காட்டினேன்.

தூக்கின கை இறங்க முன்னம் விளங்கிவிட்டது. கார் போகிற பக்கம் தெல்லிப்பழை.

கஞ்சியை அங்கேயே போட்டுவிட்டு அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மோட்டச் சைக்கிளை உதைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தக் காரை இந்த ஓட்டைச் சைக்கிள் பிடிக்குமா? நான் பூட்டின பம்பெல்லோ அது. பாதி வழியில் என் போன் அடித்தது. கேட்கிற காதில் வைத்தேன்.

"டேய் மெக்கானிக்! நிக்கேல்லையடா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தபடி. "வல்லையிலையும் நிக்கேல்லை, ஒரு இடத்திலையும் நிக்கேல்லை. நல்ல வேலை செய்திருக்கிறாய்."

அந்த ஒரு சொல்லுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பொம்பிளை குழறிக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சனம் கூடியிருந்தது. தம்பி கீரிமலையில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்திருக்கிறார். முதல் இடியில் மதிலோடு போய் அடிபட்டிருக்கிறார். உயிர் இருந்திருக்கிறது. எழும்பக் கை ஊன்றினாராம். இவர் காரைப் பின்னுக்கு எடுத்து, மறுபடியும் ஏற்றியிருக்கிறார். பிறகு இன்னொருதரமும். பார்த்தவர்கள் சொன்னார்கள், கல்லெறிந்தும் நிற்கவில்லையாம். சைக்கிள் சில்லு வளைந்து காருக்கு அடியில் கிடந்தது. தெருவில் கிடந்த இரத்தத்தை நான் சொல்லமாட்டேன்.

சம்மாட்டியார் தெருவில் சப்பாணி கட்டி இருந்தார். தம்பியின் தலை மடியில். யாரோ கொடுத்த தண்ணீர்ப் போத்தலால் அந்த வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வழிந்ததைச் சால்வையால் துடைத்தார். தம்பி போய் எவ்வளவோ நேரமாகியிருந்தது.

"இப்பச் சொல்லு" என்று கேட்டார், மிகச் சாந்தமாக. "ஏனடா பொறுக்கேல்லை? இப்பச் சொல்லு."

பொலிஸ் வந்து தூக்கும்வரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாகனத்தில் ஏதும் பிழை இருந்ததா என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இருந்திருந்தால் விபத்து என்று சொல்லிக் கொஞ்சமாவது தப்ப வழி இருக்கும் என்று அவருடைய வக்கீல் என் தோளில் கை போட்டுச் சொன்னார். நான் காரைச் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்கம் நசுங்கியிருந்தது. திறப்பைப் போட்டேன். முதல் திருகிலேயே இஞ்சின் பிடித்தது. ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

தம்பிக்கு முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு அக்கா வந்தார். அதே பஸ், அதே பை. இந்த முறை மீன் இல்லை. குழாயை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் வாங்கைத் துடைத்து, "இருங்கோ அக்கா" என்றேன்.

கன்னத்தில் விழுந்தது. பலமான அடி இல்லை. மீன் வெட்டி வெட்டிக் காய்ந்த சின்னக் கை. முப்பது வருடம் அடி வாங்கிய கை, யாரையும் அடித்துப் பழக்கம் இல்லாதது. அடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லு" என்றார்.

சம்மாட்டியார் கேட்டபோதெல்லாம் நான் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பியிருக்கிறேன். முள் பழுது என்றேன், வயர் பிழை என்றேன், பம்ப் பழசு என்றேன். அன்று சொல்ல ஒரு பழுதும் இருக்கவில்லை. அக்கா கேட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்து ஹோண் அடித்ததும் வெறும் பையை எடுத்துக்கொண்டு போய் ஏறினார்.